நீ தொட்டுப் பார்த்த பித்தளைக் கூடுகள்

தோட்டாக் கூடுகளை அழுத்தும் உன் பிரஸ்ஸை இன்று உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், என்னிடம் கொடுத்துவிட்டாள். ரைஃபிளை முன்பே ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்றாம். இந்த இரும்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், பாவம். திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்ததும், நீ கூடுகளுக்குத் தடவும் அந்த கிரீஸின் ஆட்டு ரோம வாடை குப்பென்று அடித்தது. நேற்றாக இருந்தால் அழுதிருப்பேன். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனது உனக்கு ரொம்ப வசதியாகிவிட்டது. என் திட்டு வாங்காமல் தப்பித்துக்கொண்டாய்.

உன் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருந்த குடோன்தான் நம் பட்டறை. கிளப்பில் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கொட்டுவோம். லைசன்ஸ், அனுமதி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்த ஆட்கள் நாம். சுடும்போது பித்தளை சூட்டில் உப்பிவிடும். அதை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உப்பி, அழுந்தி, உப்பி, அழுந்தி, அடிப்பக்கம் உள்ளே மெலிந்துகொண்டே வரும்; ரொம்ப மெலிந்ததைச் சுட்டால் கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் புதிது மாதிரி மினுக்கும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பள்ளம் விழுந்திருந்தால் கம்பி லேசாகச் சிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்ல வேண்டும்.

அந்த வேலை உன்னுடையது. நீ அழுத்தி, கம்பி விட்டுப் பார்த்து, நல்லதை என் பக்கம் தள்ளுவாய். மிச்ச வேலை எனக்கு. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் திரும்பப் பார்ப்பதில்லை என்பது நம் இருவருக்குள் சட்டம். எவன் போட்ட சட்டமோ தெரியவில்லை. ஒருமுறை நீ தள்ளிய கூட்டில் நான் கம்பியை விடப்போனேன். உன் முகம் சுண்டிப்போனது. "இன்னா மச்சான், என் கை மேல நம்பிக்க இல்லியா?" என்றாய். கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

மாமல்லபுரத்தில் டீ குடித்த நாள் இப்போது ஞாபகம் வருகிறது. கொதிக்கக் கொதிக்க டீ. நான் கிளாஸின் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறேன். நீ உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து, சாவகாசமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இரும்பு பிடித்த கை, காய்த்துப்போன கை என்று பெருமையாகச் சொன்னாய். நானும் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அப்புறம் செங்கல்பட்டுக்கு வெளியே நம் கிளப் மைதானத்தில் அந்தக் காலை. நான் சுட்டேன், கூடு அடியில் கிழிந்தது. மேல் பாதி துப்பாக்கிக்குள்ளேயே நின்றுவிட, நெருப்புக் காற்று பின்பக்கமாகப் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது என்றார் டாக்டர். தப்பிய வலது கண்ணில் நட்டநடுவில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. குறி பார்க்கிற கண். அந்தக் கண்ணால் எதிரே நிற்பவரின் முகத்தைக்கூட இப்போது ஓரமாகத்தான் பார்க்க முடிகிறது.

ஆஸ்பத்திரிக்கு தினமும் நீதான் நாஸ்தா கொண்டுவந்தாய். இட்லியைப் பிட்டு ஊட்டிவிடக்கூட வந்தாய், ஏதோ எனக்குக் கை போய்விட்டது மாதிரி. அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாய்: "உன் ரைஃபிள்தான் தளந்துபோச்சு மச்சான். கூடு உள்ள ஆடுது. அத்த வெச்சிக்காத, பேஜாரு." நான் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்? அருமையாகப் பார்த்துக்கொண்ட துப்பாக்கியை டீலரிடம் தள்ளிவிட்டேன். அதன் மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது. ஒரு பாவமும் செய்யாத இரும்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அடக்கத்துக்கு உன் சந்தூக்கைத் தோளில் தூக்கிய அன்றும், நம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பறித்தது அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கிதான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இன்று தங்கச்சி பிரஸ்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டே, ஏதோ பழைய கதை சொல்வதுபோலச் சொன்னாள். சுகர் ஏறி உன் விரலெல்லாம் மரத்துப்போய், என் விபத்துக்கு முன்னாலிருந்தே சட்டைப் பட்டனை அவள்தான் போட்டுவிடுவாளாம். சாவி கையிலிருந்து விழுந்தால்கூட உனக்குத் தெரியாதாம். பட்டன் தெரியாத விரலுக்கு, கம்பி சிக்குவது தெரிந்ததா? நீ கம்பியை விட்டாய், இழுத்தாய், ஒன்றும் தெரியாமலேயே சரி சரி என்று என் பக்கம் தள்ளினாய். கை மரத்துவிட்டது, இனி நீ பார் என்று சொல்ல உனக்கு என்ன கேடு? நான் சிரித்திருப்பேனா? இடத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். கௌரவமாம். என் கண்ணைவிடப் பெரிய கௌரவம். அதற்குப் பிறகும் வாயைத் திறக்காமல் இட்லி ஊட்ட வந்தாயே, அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கிளம்பும்போது கேட் வரை வந்தாள். என் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள்: "கை மரத்தத மறச்ச விஷயத்த உங்ககிட்ட மட்டும் சொல்லி மன்னிப்பு கேட்டுட்டேன்னாரு. கேட்டாருல்லண்ணே?"

அவளிடமும் அளந்துவிட்டிருக்கிறாய். இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், தலைமுக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு. இந்த ஒரு பதிலை நம்பித்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"கேட்டான்மா" என்றேன்.

அவள் அழுதாள். நிம்மதியாக அழுதாள். இனி எத்தனை தடவை கேட்டாலும் நான் அதையேதான் சொல்ல வேண்டும், எனக்கு வேறு வழி வைக்காமல் போய்விட்டாய். அவளுக்குச் சொல்கிறேன், போகட்டும். உனக்கு மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்: நீ கேட்கலடா.