நான்காவது இல்லத்தரசியின் திருத்தம்

என் ஆராய்ச்சிக்காரச் செல்லத்துக்கு,

நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். அதில் வரும் ‘நான்காவது இல்லத்தரசி’ நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன். வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்பது பழைய கேள்வி, யார் அதை நினைவில் சுமக்கிறார்கள் என்பதே இன்றைய கேள்வி என்கிறாய். எனக்கு ஒரே பெருமை.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நீ சொன்னா நான் செய்யமாட்டேனா?” என்றார்.

“சொல்றதும் ஒரு வேலைதாங்க” என்றேன். மனிதர் தானாகவே எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்.

ஒரே ஒரு குறை. விடுதியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்து இறங்கும் உன் அழுக்குத் துணிப்பை அத்தியாயத்தில் எங்குமே இல்லை. வெள்ளைச் சட்டையைத் தனியாக ஊறவைக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைவில் வைத்திருப்பது யார் என்று அடிக்குறிப்பிலாவது போடலாம்.

இனிமேல் சனிக்கிழமை எனக்குக் கார் ஓட்டும் வகுப்பு. கோபமெல்லாம் இல்லை. பையை நீ அனுப்பியபடியே திருப்பி அனுப்புகிறேன்.

அடியில் சோப்புத்தூள் பாக்கெட் ஒன்று இருக்கிறது. எப்படியும் நீ வாங்க மறந்துவிடுவாய்.

உன் ஆய்வின் நான்காவது இல்லத்தரசி,
அம்மா