உடைக்காத மாத்திரை அட்டை

என்னங்க, என் ராசா, உங்களைத்தான்!

போன இடத்தில் சௌக்கியமா? நான் சௌக்கியமாக இல்லை. வயிறு எரிகிறது. யாரைப் பார்த்து என்கிறீர்களா? உங்கள் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துத்தான், வேறு யாரை?

உங்கள் தம்பிக்கும் நெஞ்சு பலவீனமாகி, உங்களைப் போலவே மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன்.

உங்களை அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? மாத்திரையெல்லாம் மாற்றியிருப்பதை டாக்டர் வாசலில் நின்று நம் பையனிடம் சொன்னார். அவன் தலையாட்டினான். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் தம்பி பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் மகள் முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள். நர்ஸ் தடுத்தாள். "நீங்க இருங்கக்கா, ஐயா சொல்லட்டும். ஐயா, வீட்டுக்குப் போயி எந்த மாத்திரைய எப்ப போடுவீங்க?"

"வீட்ல பழைய அட்டை ரெண்டு கெடக்குதும்மா. அது தீரட்டும். அப்புறம் இத ஒடைக்கிறேன்."

அதே புத்தி! பழைய சோப்பு கரையாமல் புதுசைத் தொடக்கூடாது என்று உங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு. வேளாவேளைக்கு நீங்கள் மாத்திரை விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் போன பிறகு டப்பாவில் புது அட்டைகள் உடைக்காமலே கிடந்தன. ஏன் என்று தெரியாமல் எத்தனை நாள் தவித்தேன்! நீங்களும் பழைய அட்டையைத்தான் தீர்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தப் பெண் திட்டவில்லை. "பழசு ஒங்களுக்கு இனிமே ஆவாதுங்கய்யா, அதான் மாத்திருக்கோம். இப்ப நீங்களே திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அவர் தப்பாகச் சொன்னார். சிரித்துவிட்டு மறுபடி சொல்ல வைத்தாள். கால் வீங்கினால் யாருக்குப் போன் போடுவீர்கள் என்றும் கேட்டாள். அப்படி ஒருத்தி உங்களுக்கு ஏன் வாய்க்கவில்லை? நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள்?

"அக்கா, அந்தப் பொண்ணு கேக்கலன்னா எந்தாலி போயிருக்கும்" என்று என்னிடமே சொல்கிறாள் உங்கள் தம்பி பெண்டாட்டி, மகராசி! யாரிடம் எதைப் பேசுவது என்று வேண்டாமா? நேற்று அவருக்கு உப்புக் குறைத்து மீன் குழம்பு ஊற்றினாள். "இன்னாடி இது, சப்புனு இருக்குது" என்று அவர் கத்த, இவள் பதிலுக்குக் கத்த, ஒரே ரகளை. அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை, சத்தியமாக. என்னைப் பார்த்துக் கத்த யார் இருக்கிறார்கள்?

வயிற்றெரிச்சலோடுதான் அவர்கள் அலமாரியைக் குடைந்து பழைய அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, என்றைக்காவது என்னையும் ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பார்கள். அன்றைக்கு யாராவது வாசலில் நின்று பையனிடம் பேசினால், "எங்கிட்ட சொல்லுங்க" என்று கத்துவேன். அதுவரை வாராவாரம் உழவர்கரையில் அவர்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய், இன்னா மாத்திரை போட்டீங்க என்று உங்கள் தம்பியைக் கேட்பேன். அவர் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அவருக்கு அப்படியே உங்கள் குரல்.

உங்களோடு சண்டை இன்னும் தீராத,
உப்பளத்து வீட்டுக்காரி