என் உறையில் வேறு எழுத்து

மார்ச் 4, செவ்வாய்
நாளை இயந்திரத்தை வேறு அறைக்கு மாற்றுகிறார்கள். வங்கி ஏடிஎம்களின் ரகசியச் சாவி அதற்குள்தான் இருக்கிறது. சாவி என்றால் இரும்பு இல்லை, நீளமான ஓர் எண். பெட்டியை அசைத்தால் அது தானே அழிந்துவிடும். நானும், என்னோடு வேலை செய்யும் அக்காவும் மறுபடி ஏற்ற வேண்டும். பாதி எண் நான் எழுதி முத்திரையிட்ட உறையில், பாதி அவருடையதில். ஒருவருடையதை மற்றவர் பார்க்கக் கூடாது. பதினோரு வருடம் பக்கத்து மேஜை. வாய் தவறியும் கேட்டதில்லை.

டிசம்பரில் ஆஸ்பத்திரியில் கிடந்த மகனுக்கு நாளை கணக்குப் பரீட்சை. உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்டேன்.

மார்ச் 5, புதன்
பெட்டியை மாற்றியதும் சாவி அழிந்தது; மறுபடி ஏற்ற உட்கார்ந்தோம்.

பெட்டகத்திலிருந்து உறையை எடுத்தேன். முத்திரை உடையவில்லை. அதன் எண்ணும் பதிவேட்டோடு பொருந்தியது. பிரித்தால் — உள்ளே இருப்பது என் எழுத்தே இல்லை. குண்டு குண்டாக, அக்காவின் எழுத்து.

அந்த எண்ணையே அழுத்தினேன். இயந்திரம் ஏற்கவில்லை. மறுபடியும் இல்லை. மேலாளர் என்னைப் பார்க்கிறார், நான் அக்காவைப் பார்க்கிறேன், அவர் தரையைப் பார்க்கிறார்.

வேறு கிளையிலிருந்து மாற்று உறைகள் வர நாலு மணி நேரம். அதுவரை எங்கள் ஏடிஎம் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

மார்ச் 6
அக்கா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். "மூணு மாசம் முன்னாடி ஏசி ஒழுகி உன் உறை ஊறிப்போச்சு. நீ பிள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்தே. உன்னை எதுக்குக் கலங்கடிக்கணும்னு நானே பார்த்து எழுதி வெச்சேன். ஒரு எண் தப்பா விழுந்திருக்கும்."

அப்படியானால் பதிவேட்டில் புது முத்திரைக்கு நேரே என் கையெழுத்து எப்படி?

ஐயோ. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று பதிவேட்டின் வெற்று வரிகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள் நான்தானே!

மார்ச் 7
மூன்று மாதம் இரண்டு பாதியும் ஒருவர் கையில். அக்காவை நம்புகிறேனா? நம்புகிறேன். நம்பாமல்?

மார்ச் 12
விசாரணை. அந்தக் கையெழுத்தையும் தானே போட்டதாக அக்கா சொல்லிவிட்டாராம், எனக்கு ஒன்றுமே தெரியாதாம். மேலாளர் எனக்குத் தேறுதல் சொல்கிறார். நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 13
இரவு வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். "அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல, விடு" என்றார் கணவர்.

மார்ச் 14, வெள்ளி
விசாரணை அதிகாரியிடம் போனேன். "அது நான் போட்ட கையெழுத்துதான் சார்." அவர் பேனாவை மூடி வைத்தார்.

ஏப்ரல் 7, திங்கள்
எதுவும் திருடு போகவில்லை என்று முடிவாகிவிட்டது. புதுச் சாவி, வேறு இருவர் கையில். நான் முகப்பில் காசோலை வாங்குகிறேன். அக்கா கீழே கோப்பறையில். மதியம் நான் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் சொல்லிட்டேன்ல. நீ எதுக்குடி வாயைத் திறந்தே?"

சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் எழுந்து போகவில்லை.