அட்டையில் எழுதாதது

ஜூலை 19, சனி

இன்று பசுமலை வாசிப்பு வகுப்பில் பிடிபட்டேன். பிடித்தது மூன்றாம் வகுப்புப் படிக்கும் தர்ஷினி.

பிளஸ் ஒன் பிள்ளைகள் நாங்கள், வாசிக்கத் திணறும் சின்னப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுக்கிறோம். கதை படிக்க வந்துவிட்டால் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். தர்ஷினி போன மாதமே ஒரு முழுக் கதையைப் படித்துவிட்டாள். நான்தான் அதை அவளுடைய முன்னேற்ற அட்டையில் எழுதவில்லை. புதுப் பள்ளியில் என்னோடு ஒருத்தியும் பேசுவதில்லை. வாரம் முழுக்க நான் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

இன்று தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால், அந்த அட்டை அவள் மடியில் இருக்கிறது. விரலை ஓட்டி, ஓரிடத்தில்கூட நிற்காமல் படிக்கிறாள்: "தர்ஷினிக்கு இன்னும் சொற்கள் மட்டுமே வாசிக்க வருகிறது."

எனக்கு முகம் எரிந்தது.

"எனக்குத்தான் அம்புட்டும் வருதேக்கா" என்றாள். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பாள் எனப் பயந்தேன். கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காதருகே வந்து, "டீச்சர் வாராங்க. நான் திக்கித் திக்கிப் படிக்கவாக்கா?" என்றாள்.

"வேணாம். நல்லாப் படி."

படித்தாள். டீச்சர் கைதட்டினார். அடுத்த சனியிலிருந்து அவளுக்கு மாடியில் வகுப்பு.

வேணாம் என்று நான் சொன்னது உண்மைதான். உடனே சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.