சல்லா மஞ்சு

மாப்ளே,

இன்று காலை போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறினேன். பாதி மலையில் மஞ்சு இறங்கி, வெள்ளையாக வழியை மூடிவிட்டது. கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி ஜீப்புப் பெட்டிக்குள் கைவிட்டேன். உன் சல்லாத் துணி விரலில் சுற்றிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு அக்கா, "சல்லா மஞ்சுதாண்ணே, வெரசாப் போங்க" என்றார்.

அந்தச் சொல்லை மலையேற்றிவிட்டது நாம்தான். உன் ஜவுளிக்கடையில் டீ குடித்துக்கொண்டே எத்தனை நாள் அதற்காக மல்லுக்கட்டியிருக்கிறோம். சல்லடை மாதிரி இருப்பதால் சல்லா என்று நான் அடித்துச் சொல்வேன். நீ சிரிப்பாய். "ஒனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். வடக்கயிருந்து வந்த யாவாரிக துணியோட பேரையும் சேத்துக் கொண்டாந்தாகன்னு எங்க அத்தா சொல்லுவாரு." பிறகு துணியை என் உள்ளங்கைமேல் விரிப்பாய். "ரேகை தெரியுதா? தெரிஞ்சாத்தான் சல்லா."

நான் அதை மஞ்சுக்கு வைத்தேன். எட்டாவது வளைவு டீக்கடையில் நின்று பார்த்தால் அடுத்த வளைவில் பாசி பிடித்த கல் ஒன்று. அது தெரிந்தால் சல்லா மஞ்சு, போகலாம். தெரியாவிட்டால் கம்பளி மஞ்சு, நிற்க வேண்டும். ஜீப்பு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இதையே பிடித்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், தோட்டத்து வீடுகளில் விற்கத் துணிமூட்டையோடு என் வண்டியில் வந்தாய். டீக்கடையில் நின்று விளக்கைப் போட்டதும் கல் பளிச்சென்று தெரிந்தது. நீ தலையை வெளியே நீட்டிப் பார்த்தாய்.

"எனக்கென்னமோ கம்பளியாத் தெரியுது மாப்ளே. கொஞ்சம் இருந்து போவமே."

"துணிக்கு நீ, மஞ்சுக்கு நான். பேசாம உக்காரு" என்றேன். நீயும் சிரித்துவிட்டாய்.

வளைவு தாண்டியதும் வண்டியின் மூக்கே தெரியவில்லை. திருப்பவும் இடமில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், வண்டி அதைப் பார்த்து ஊர்ந்து வரும். மூட்டையிலிருந்து ஒரு சல்லாவை உருவி நாலாக மடித்துக்கொண்டு இறங்கினாய். "என் பின்னாடியே வா." துணி ஆடிக்கொண்டே போனது. பிறகு ஆடவில்லை. நின்றுவிட்டாய் என்று நினைத்து நானும் வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் துணி சாலையோர முள்செடியில் மாட்டிக் கிடந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள், நல்ல வெயிலில், அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தேன். நாம் போவதற்கு முன்பே யாரோ பாசியைச் சுரண்டிவிட்டு, விளக்கு பட்டால் மின்னும் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இனி எந்த மஞ்சிலும் அது தெரியும். கல் மாறியதை நான் கவனிக்கவில்லை. நீ சொன்னதையும் கேட்கவில்லை. என்னால்தான் போனாய் மாப்ளே.

இன்று டீக்கடையிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். வேலைக்கு நேரமாகிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். "அந்தா, கல்லு தெரியுதுல்லண்ணே?" என்றார் அந்த அக்கா. முள்ளில் கிழிந்த உன் துணியைக் கடைக் கம்பத்தில் கட்டிவிட்டுச் சாலையில் இருபது அடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். துணி தெரியவில்லை.

தடவித் தடவி வந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். அணைக்காத விளக்கு வெளிச்சத்தில் கல் மட்டும் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருந்தது.