மூணு கோட்டைக்கும் பூட்டு யார் செஞ்சது?

கதை சொல்ற மகராசனுக்கு,

சோறு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

நேத்து, நீங்க கதை சொல்ல நாங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடுற பகடை ஆட்டத்துல, "உன் கண்டுபிடிப்பாளர எந்தக் கூட்டமும் சேத்துக்காது"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்களே. நீங்க கட்டின உலகத்தோட லட்சணத்தப் பாருங்க. மந்திரவாதி, பூசாரி, படைவீரன்னு மூணு கூட்டம், கூட்டத்துக்கொரு கோட்டை, அதுக்கு யானை மாதிரி பூட்டு. அதையெல்லாம் மந்திரம் போட்டா செஞ்சாங்க? மணியடிச்சா? மீசைய முறுக்கியா? செஞ்சது என் ஆளு, நீங்க சிரிச்ச அந்தக் கண்டுபிடிப்புக்காரி. மூணுக்கும் மாத்துச் சாவி அவ இடுப்புல இருக்கு. யாரோட சேரலாம்னு இனிமே அவ பாத்துக்குவா.

ஆறு மணி ஆட்டத்துக்கு வந்துடுவேன். என் நாற்காலிய எவனுக்கும் குடுக்காதீங்க.

பி.கு: ஒரு மாசமா நீங்க திட்டிக்கிட்டே இருந்த வாசக்கதவுப் பூட்ட காலைல சரி பண்ணிட்டேன். இப்ப சாத்தினா தானா பூட்டிக்கும், சாவி என்கிட்ட. வெளிய மாட்டிக்கிட்டா உங்க மூணு கூட்டத்தையும் கூப்பிடுங்க, வந்து தொறக்கட்டும்.