உள்ளே போன மருந்து

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது, நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கோழிக் கிறுக்கலாக இருக்கிறதே என்று பார்க்காதே, நான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் சின்னவளால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அதெல்லாம் கிடக்கட்டும்.

போனில் நீ கேட்பதெல்லாம் அவள் கையில் சீழ் வைத்ததா என்றுதான். வைக்கவில்லையப்பா, ஒரு கிருமியும் வரவில்லை, சந்தோஷப்பட்டுக்கொள். தோல்பைப் பட்டறையில் கருவிப் பெட்டிக்குள் கையை விட்டவளுக்குத் தோலில் துளை போடும் குத்தூசி வலது உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது, வெளியே பார்த்தால் கடுகளவு ஓட்டை. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். நீதான் வீடியோவில் வந்து, மேலே தடவினால் போதாது, நீ அனுப்பிய கிருமிநாசினியை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து ஓட்டைக்குள் வைத்து அழுத்தச் சொன்னாய். அண்ணன் மருந்துக் கம்பெனியில் இருக்கிறான், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் இடது கையால் அழுத்தினாள். துடித்துப் போனாள். "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம், இன்னும் அழுத்து" என்றாய். உனக்கென்ன, கை அவளுடையது.

விடிவதற்குள் கை பந்தாக வீங்கிவிட்டது. உள்ளே போன மருந்துக்குத் திரும்பி வர வழியில்லை, சதைக்குள்ளேயே தங்கி அதை அரித்துவிட்டது என்றார் டாக்டர். அது மேலே துடைக்கிற மருந்தாம், ஆழமான குத்துக்காயத்துக்குள் அழுத்தி ஏற்றவே கூடாதாம், வெளியே தண்ணீரில் கழுவிவிட்டு நேராக வந்திருக்க வேண்டுமாம். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு விரல் மடங்கவில்லை, இனி மடங்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. பட்டறையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று டாக்டர் கேட்டபோது, "நானாத்தான் செஞ்சேன்" என்றாள். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன், என் வயிறு எரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, நீயும் நான் பெற்ற பிள்ளைதானே. இனி யாருக்காவது அடிபட்டது என்று கேள்விப்பட்டால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், வைத்தியம் சொல்லாதே. காயம் ஆறிவிட்டது என்று உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். கீழே வழக்கம்போல் தானும் கையெழுத்துப் போடுவேன் என்று அடம்பிடித்து இடது கையால் போட்டிருக்கிறாள், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்.

உன் அப்பா
சின்னவள்